போர்வை மடித்த குற்றம்

அந்தக் கப்பலில் ஏறுகிறவர்களுக்கு முதலில் கையில் கொடுப்பது அறைச் சாவி இல்லை, ஒரு புத்தகம். அட்டையில் தங்க எழுத்தில் 'பயணியர் மாண்புக் கையேடு' என்று போட்டிருந்தது. எந்த வேளைக்கு என்ன உடுத்த வேண்டும், எந்த உடையில் எந்தப் படிக்கட்டில் இறங்கக் கூடாது, யாருக்கு எவ்வளவு நன்றி சொல்ல வேண்டும், அந்த நன்றிக்கான காசை எந்த அட்டையிலிருந்து பிடித்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் உள்ளே விலாவாரியாக இருந்தது. கப்பல் மூழ்கினால் என்ன செய்வது என்பதும் இருந்தது. ஆனால் அது பின்னட்டையின் உட்புறத்தில், பொடி எழுத்தில். அதையும் 'உயிர்காப்புச் சட்டைக்கு மேல் நகை அணிவதைத் தவிர்க்கவும்' என்றுதான் தொடங்கியிருந்தார்கள்.

அறையில் ஒரு மேசை ஆடிக்கொண்டிருந்தது. பஸ்ஸக்கா கையேட்டை அதன் காலுக்கு முட்டுக் கொடுத்தாள். மேசை நின்றது.

பஸ்ஸக்கா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பிள்ளைகள் வைத்த பெயர் பெற்றோருக்கும் தொற்றிக்கொண்டு, சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவள் பஸ்ஸக்காதான். கப்பல் பயணம் அவளுடைய தங்கைக்குக் கிடைத்த பரிசு. தங்கைக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அந்த வருஷம் அதிகம் பாலிசி பிடித்ததற்காக இரண்டு பேருக்கான டிக்கெட் கொடுத்திருந்தார்கள். தங்கை புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வாளித் தண்ணீர் ஆடினாலே அவருக்குத் தலை சுற்றும். அதனால் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்த நாளிலிருந்து ஏன் கூட்டி வந்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உன் கால்விரல் தெரியுது" என்றாள், முதல் மாலை சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நின்றபடி.

"பொறந்ததுலேருந்து தெரியுதுடி."

வாசல் அதிகாரி வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். கையில் ஒரு சின்ன டார்ச் விளக்கு. வருகிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் பாதத்தில் விளக்கை அடித்து, திருப்தியானால் தலையசைத்து உள்ளே விட்டார். பஸ்ஸக்காவின் செருப்பில் வெளிச்சம் வந்து நின்றது, நகரவில்லை.

"மன்னிக்க வேண்டும் மேடம். விளக்கேற்றிய பிறகு விரல்களுக்கு அனுமதி இல்லை."

"பகல்ல?"

"பகலில் விரல்கள் மனமார வரவேற்கப்படுகின்றன."

வாசலுக்கு நேர் எதிரே ஒரு ஷூ கடை இருந்தது. அது தற்செயலாக அமைந்தது என்று கையேட்டிலேயே தனியாக ஒரு குறிப்பு போட்டிருந்தார்கள். அதன் விலைகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததும் பஸ்ஸக்காவுக்குப் பசி கொஞ்சம் அடங்கியது. அறைக்குத் திரும்பிப் போய், தங்கையின் கறுப்பு சாக்ஸை மாட்டிக்கொண்டு, அதே செருப்பில் வந்து நின்றாள். அதிகாரி டார்ச்சை அப்படியும் இப்படியும் அடித்துப் பார்த்தார். குனிந்து பார்த்தார். உள்ளே போய் யாரையோ கலந்துகொண்டு வந்தார்.

"விரல் தெரியவில்லை. ஆகவே தடுக்க முடியவில்லை. ஆனால் நிர்வாகம் தன் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது."

"பரவால்ல, சாப்பிட்டா சரியாயிடும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். தங்கை கையேட்டை எடுத்து வராததால் மெனு அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

நீச்சல் குளத்துச் சட்டம் வேறு. அங்கே ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் ஏறக்குறைய ஒன்றுமே உடுத்தாமல் திரியலாம், அது ஓய்வு. இந்தப் பக்கம் ஒரு அடி வைத்தால் சட்டை வேண்டும், இல்லாவிட்டால் அநாகரிகம். ஒருநாள் ஒரு தடித்த மனிதர் கோட்டின் மேலேயே நின்று எந்தப் பக்கம் போவது என்று மறந்துவிட்டார். காவலுக்கு நின்றவன் அவருடைய ஒரு பாதிக்கு வணக்கம் சொல்லி, மறு பாதியை எச்சரித்தான்.

இதெல்லாம் வேடிக்கை. பஸ்ஸக்காவும் வேடிக்கையாகத்தான் பார்த்தாள். வினை அறைக்குள் இருந்து வந்தது.

அவளுடைய அறையைச் சுத்தம் செய்ய ஒரு பெண் வருவாள். பஸ்ஸக்கா வயசுதான் இருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து, கண்ணில் தூக்கம். தினமும் படுக்கையை விரித்து, குளியலறையைத் துடைத்து, போகும்போது துண்டை மடித்து ஒரு மிருகம் செய்து கட்டில்மேல் வைத்துவிட்டுப் போவாள். முதல் நாள் யானை. அடுத்த நாள் முயல். காதெல்லாம் எடுப்பாக, கண்ணுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி, பார்த்தால் மடியில் எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றும்.

அந்த யானையைப் பிரித்து முதுகு துடைக்க பஸ்ஸக்காவுக்கு மனசு வரவில்லை. "ஒரு பொம்பள இடுப்பொடிய மடிச்சு வச்சிருக்கா. அதைப் போய் பிடிச்சு உதறுறதா?" என்று யானையை அலமாரியில் உட்கார வைத்தாள். முயலையும் அதன் பக்கத்தில். வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த பழைய துண்டுகளில் தானும் துவட்டி, தங்கையையும் துவட்ட வைத்து, அவற்றைத் துவைத்து ஜன்னலோரம் காயப் போட்டாள். காலையில் எழுந்ததும் போர்வையை மடித்து, தலையணையைத் தட்டி வைத்து, குளியலறைத் தரையையும் ஒரு தேய்ப்பு தேய்த்துவிடுவாள். அடுத்தவள் வந்து பார்க்கிற படுக்கையைக் கலைந்த கோலத்தில் விட்டு வைக்க அவளால் முடியாது. பஸ்ஸையும் அப்படித்தான், கழுவுகிற ஆள் வருவதற்குள் பெருக்கிவிடுவாள்.

"ஏக்கா இப்படிப் பண்றீங்க?" என்றாள் அறைக்காரம்மா, வந்த மறுநாளே. விருந்தினரை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் பஸ்ஸக்கா முகத்தைப் பார்த்து மேடம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"நீ கொஞ்ச நேரம் உக்காரு. கால் வீங்கியிருக்கு பாரு."

"உக்காந்தா பிரச்சினைக்கா."

ஆனாலும் உட்கார்ந்தாள், நாற்காலியின் நுனியில். அறைக்காரம்மாவின் இரண்டு பிள்ளைகளும் ஊரில் அவள் தங்கை வீட்டில் வளர்கிறார்கள். இந்தப் பயணம் முடிந்ததும் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். புதுப்பித்தால் பெரியவளைக் காலேஜில் சேர்த்துவிடலாம். ஒரு கெட்ட பெயர் வந்தால் போதும், அவ்வளவுதான். இதைச் சொல்லும்போதும் அவள் கண் கதவிலேயே இருந்தது.

அன்றைக்கே பஸ்ஸக்கா வரவேற்பு மேசைக்குப் போனாள். அந்தம்மாவுக்குத் தன் கையால் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று விசாரித்தாள். அதற்கென்று 'நன்றியுணர்வுப் பிரிவு' தனியாக இருந்தது. அங்கே இருந்தவன் சிரித்த முகமாகச் சொன்னான்: "உங்கள் நன்றி தினமும் தானாகவே பிடிக்கப்படுகிறது மேடம். நீங்கள் உணர வேண்டிய சிரமமே இல்லை."

"அதுல அந்தம்மாவுக்கு எவ்வளவு போகுது?"

"நன்றியைப் பிரித்துப் பார்ப்பது பண்பல்ல மேடம்."

"சரி, நானே கையில குடுத்துடறேன்."

"கையால் கொடுக்கும் நன்றி பறிமுதல் செய்யப்பட்டு, பொது நன்றியில் சேர்க்கப்படும்."

அவள் திரும்பி வந்தாள். வந்து, வழக்கம்போல் போர்வையை மடித்தாள். இந்தக் கப்பலில் தன்னால் செய்ய முடிந்த ஒரே மரியாதை இதுதான் என்று நினைத்தாள். அங்கேதான் தப்பு நடந்துவிட்டது.

அலமாரியில் இடமில்லாமல் ஒரு குரங்கு திரைச்சீலைக் கம்பியில் தொங்கத் தொடங்கிய நாளில், அறைக்காரம்மா கண் சிவந்து வந்து நின்றாள். சலவைப் பிரிவிலிருந்து புகார் போயிருக்கிறது: இந்த அறையிலிருந்து அழுக்குத் துண்டே வருவதில்லை. மேற்பார்வையாளர் மாற்றுச் சாவி போட்டு உள்ளே வந்து பார்த்தால், படுக்கை மடித்திருக்கிறது, தரை காய்ந்திருக்கிறது, அலமாரி முழுக்க மிருகங்கள். உடனே குற்றம் எழுதிவிட்டார்கள்: விருந்தினரை வேலை வாங்கியது.

"இன்னிக்கு சாயந்திரம் விசாரணைக்கா. நாளைக்குக் காலையில துறைமுகத்துல இறக்கி விட்டுருவாங்க. அதுக்கப்புறம் எந்தக் கப்பல்லயும் எடுக்க மாட்டாங்க."

நல்லது என்று நினைத்துச் செய்து ஒருத்தி பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று பஸ்ஸக்கா தன்னையே நொந்துகொண்டாள். அது கொஞ்ச நேரம்தான். பிறகு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே விசாரணையை நடத்தப்போகிற மாண்பு மேலாளரின் அறைக்குப் போனாள்.

மாண்பு மேலாளர் எழுந்து நின்று, குனிந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, பூ ஒன்றை நீட்டி, அதற்குப் பிறகுதான் காதைக் கொடுத்தார்.

"அந்தம்மா ஒண்ணும் பண்ணலங்க. போர்வையை மடிச்சது நான்."

"விருந்தினரால் தவறு செய்யவே முடியாது மேடம். விருந்தினர் எப்போதும் சரி. ஆகவே தவறு நடந்திருந்தால் அது பணியாளருடையது."

"நான்தான் பண்ணினேன்னு நானே சொல்றேனே!"

"அப்படிச் சொல்லும் உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. அதையும் அவர் குற்றப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன், விருந்தினரைப் பெருந்தன்மைக்கு உள்ளாக்கியது."

"விசாரணையில நான் பேசணும்."

"தாராளமாக. மாண்பு விருந்தின் நடுவே, சூப்புக்கும் கேக்குக்கும் இடையில் விசாரணை. அதற்குரிய உடையில் வாருங்கள். தரையைத் தொடும் கவுன். இல்லையென்றால் கீழ்த்தளத்தில் வாடகைக்குக் கிடைக்கும்."

வாடகைக் கவுன்கள் ஏறக்குறைய தீர்ந்திருந்தன. மிச்சம் இருந்த ஒன்றுக்குள் பஸ்ஸக்காவின் ஒரு கைதான் நுழைந்தது. தங்கை கட்டிலில் உட்கார்ந்து, "விட்டுருக்கா. எங்க கம்பெனி பேரு கெட்டுப் போகும். எனக்கு அடுத்த வருஷம் பிரமோஷன் இருக்கு" என்று கெஞ்சினாள்.

"உனக்குப் பிரமோஷன். அவளுக்குச் சோறுடி" என்றாள் பஸ்ஸக்கா. மேசைக்காலடியிலிருந்து கையேட்டை உருவி முதல் முறையாகப் படிக்க உட்கார்ந்தாள். மேசை ஆட, அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மாண்பு விருந்தைப் பற்றிய பகுதியில் ஒரு வரி: 'சீருடைப் பணியில் உள்ளோர் தம் சீருடையில் வரலாம்.'

கடல் காற்று குளிரும் என்று அவள் டியூட்டி ஜாக்கெட்டைக் கொண்டுவந்திருந்தாள். ஆரஞ்சு நிறம், மார்பிலும் முதுகிலும் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டைகள். மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்ததும், அதிகாரி டார்ச்சை அடிக்க, அது பளிச்சென்று அவர் கண்ணிலேயே திருப்பி அடித்தது.

"எந்தப் படை?" என்றார் கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"பள்ளிக்கூட பஸ்."

"உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?"

"ஏறும்போது அம்பது. இறங்கும்போதும் அம்பது. அதுதான் முக்கியம்."

அதிகாரி கையேட்டைப் புரட்டினார். பஸ் ஒரு படை இல்லை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. வேறு வழியில்லாமல் சல்யூட் அடித்தார்.

கூடத்தில் எல்லாரும் பளபளவென்று உட்கார்ந்திருந்தார்கள். நடு மேசையில் கேப்டன், பக்கத்தில் மாண்பு மேலாளர். அறைக்காரம்மா ஒரு தூண் ஓரமாக, கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். சூப்புக் கிண்ணங்கள் போய் அடுத்த தட்டுகள் வந்ததும் மேலாளர் மைக்கைப் பிடித்தார்.

"மாண்புமிகு விருந்தினர்களே! இந்தக் கப்பலில் நாங்கள் உங்களுக்கு விற்பது அறை அல்ல, உணவு அல்ல. ஒரு வேலையும் செய்யாமல் இருக்கும் பெருமையை. பணியாளர் உழைப்பது உங்கள் கண்ணில் படவே கூடாது. பட்டால் அது உழைப்பு. படாவிட்டால் அது சேவை. உழைப்பு என்றால் அதற்குக் கூலி கேட்பார்கள். சேவைக்குப் புன்னகை போதும். இந்தப் பெண்ணோ, அவரே ஒப்புக்கொண்டபடி, விருந்தினரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். இவருக்குப் பிள்ளைகள் உண்டு என்று ஒரு விருந்தினருக்குத் தெரிந்துவிட்டது! இனி அந்த விருந்தினர் நிம்மதியாகத் தூங்குவது எப்படி?"

நாலைந்து பேர் பழக்க தோஷத்தில் கைதட்டினார்கள்.

"எங்கள் விதி தெளிவானது. 'விருந்தினர் எவரேனும் பணியாளர் ஒருவரின் வேலையைச் செய்ய நேர்ந்தால், அந்தப் பணியாளர் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடப்படுவார்.' இதில் உயர்வு தாழ்வு கிடையாது. பாத்திரம் கழுவுகிறவர் முதல் கேப்டன் வரை எல்லாருக்கும் ஒரே விதி. நாங்கள் சமத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்கள்."

பஸ்ஸக்கா எழுந்தாள். பேசுவதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தாள். அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் யோசித்ததெல்லாம் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. நடு மேசைக்குப் போய், மேலாளர் முன்னால் இருந்த தட்டை எடுத்தாள். அதில் பாதிச் சாப்பாடு இருந்தது.

"ஆச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்துத் தட்டையும் எடுத்து அதன்மேல் அடுக்கினாள்.

பரிமாறுகிற ஆள் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "மேடம், வேண்டாம். என் வேலை போயிடும்."

"உன்னைத் தனியா விட மாட்டேன்பா" என்றாள் அவள் தணிந்த குரலில். "எல்லார் வேலையும் போகணும். அப்பதான் யார் வேலையும் போகாது."

அவன் தூண் ஓரம் நின்ற அறைக்காரம்மாவைப் பார்த்தான். பிறகு தன் கையிலிருந்த தட்டத்தை நீட்டி, "இதுல வச்சுத் தூக்குங்க மேடம், சுலபமா இருக்கும்" என்றான்.

"அவரும் இறக்கப்படுவார்!" என்றார் மேலாளர்.

அடுத்து எழுந்தது யார் என்று பார்த்து பஸ்ஸக்காவே ஆச்சரியப்பட்டாள். தங்கை. காது சிவக்க, ஐந்தாறு கண்ணாடித் தம்ளர்களை அள்ளிக்கொண்டிருந்தாள். "பிரமோஷன் போனா போகட்டும், போ" என்று யாரிடமோ சண்டை போடுகிறவள் போலச் சொன்னாள். அவளைப் பார்த்து, வாடகைக் கோட்டில் மூச்சு முட்ட உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மேசை துடைக்க ஆரம்பித்தார். தரையைத் தொடும் கவுன் போட்டிருந்த ஒரு அம்மா அதை இடுப்பில் சொருகிக்கொண்டு தண்ணீர் ஊற்றப் போனாள். யாரோ வாசல் அதிகாரியின் டார்ச்சை வாங்கி, அவர் பாதத்திலேயே அடித்துப் பார்த்து, "சரி, நீங்க உள்ள போலாம்" என்று அனுமதி கொடுத்தார்கள்.

"அவரும் இறக்கப்படுவார்! அவரும்! சமையலறையில் பாத்திரம் கழுவுவது யார்? விருந்தினரா? அப்படியானால் அவர்களும்!" என்று மேலாளர் மூச்சு வாங்க அறிவித்துக்கொண்டே இருந்தார். தங்கை தம்ளர்களை வைத்துவிட்டு வந்து, அவர் கையிலிருந்த மைக்கைப் பணிவாக வாங்கிக்கொண்டாள். பாலிசி விற்கிற வாய், கேட்கவா வேண்டும்?

"மாண்புமிகு விருந்தினர்களே! எங்கள் விதியில் உயர்வு தாழ்வு கிடையாது. இப்போது நான் மேலாளரின் வேலையைச் செய்வதால், மேலாளரும் நாளைக் காலை இறக்கப்படுவார்."

மேலாளர் மைக்கைப் பிடுங்கக் கையை நீட்டி, விருந்தினரிடமிருந்து பிடுங்குவது பண்பல்ல என்று பாதியில் மடக்கிக்கொண்டார்.

பஸ்ஸக்கா அடுக்கிய தட்டுகளோடு கேப்டன் முன்னால் போய் நின்றாள். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டியரிங் எந்தப் பக்கம்ங்க?"

"எதுக்கு?"

"உங்க வேலை ஒண்ணுதான் பாக்கி."

"கப்பல் ஓட்டத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்க. ஆனா நல்லா செய்யணும்னு விதியில இல்லையே. செஞ்சாப் போதும்."

கேப்டன் அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை அது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மேலாளர் பக்கம் திரும்பினார்.

"அந்தம்மா வேலையில இருக்கட்டும். ஒப்பந்தத்தையும் நாளைக்கே புதுப்பிச்சிருங்க."

"ஐயா, அப்படியானால் விதி?"

"அதைத் துறைமுகத்துல இறக்கி விட்டுருங்க."

கூடமே இரைந்தது. மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இனி தட்டுகளைக் கீழே வைக்கலாமே மேடம்" என்றார்.

"அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டப்புறம் வைக்கிறேன்."

எந்த விருந்தினருக்கு எத்தனை அங்குலம் குனிய வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மனிதர், தூண்வரை நடந்து போவதற்குள் திணறிப்போனார். பணியாளரிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று கையேட்டில் ஒரு வரி கூட இல்லை. அறைக்காரம்மா முன்னால் நின்று, தரையைப் பார்த்து, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார்.

அவள் தலையை நிமிர்த்தினாள். கோத்திருந்த கைகளைப் பிரித்துத் தொங்கவிட்டாள். சமையலறைக் கதவோரம் கரண்டியும் ஈரக் கையுமாகக் கூட்டமாக வந்து நின்றவர்களை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார்" என்றாள். "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."